பனி என்று நாங்கள் சொன்ன சிவப்பு

சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் பாடசாலையின் வரலாற்றில் ஒரு முக்கியமான தீர்மானம் நிறைவேறியது. ஆசிரியர் அறைக் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடுகிறது. அதைத் திருத்துவதா, விட்டுவிடுவதா என்று முக்கால் மணி நேரம் விவாதித்து, விட்டுவிடுவதென்று ஏகமனதாக முடிவு செய்தோம். நான் கூட்டக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. புஷ்பராணி டீச்சரின் தம்பி. "சேர், அக்கா போயிட்டாங்க" என்றார். "எங்கே?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் டீச்சர் என் ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தின்றுவிட்டு, "உங்க வீட்டு ரொட்டி தொண்டையில இறங்க மாட்டேங்குதுங்க சேர், உங்க கட்டுரை மாதிரியே" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் தண்ணீர் குடித்தார், மறுபடியும் குடித்தார்.

லிந்துலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பதினாறு வருடம் புவியியல் படிப்பித்தவர். சென்ற ஆண்டு தை மாதத்தில் அவருடைய கன்னமும் கண் இமைகளும் சிவந்தன. எங்கள் பக்கத்தில் சிவந்த கன்னம் நோயில்லை, விலாசம். பனி என்றோம். விஞ்ஞான ஆசிரியர் வாஸ்லின் கொடுத்தார். "ரெண்டு போத்தல் முடிஞ்சிருச்சு. மூஞ்சி நல்லா மினுங்குது, சிவப்புதான் போகல" என்றார் டீச்சர். பாடசாலைக்கு ஏறும் கற்படிகளில் நாங்கள் எல்லோரும் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவோம். அவர் மூன்று தடவை நின்றார். படிகள் இல்லாத, பனி இல்லாத ஓர் ஊரில் வேலை பார்த்திருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள்.

பிறகு கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதத் தொடங்கினார். அரச சொத்து முழுமையாகப் பயன்படுத்தப்பட வேண்டும் என்று பாடசாலை அதிபர் சுற்றறிக்கை விட்டார். டீச்சர் கையொப்பம் வைத்துவிட்டு அதிபரிடம், "கை மேல ஏற மாட்டேங்குதுங்க சேர்" என்றார்.

"அப்ப ஒரு ஸ்டூல் போடச் சொல்றேன் டீச்சர்."

"ஸ்டூல் மேல நான் ஏறணும், அது மேல என் கையும் ஏறணும். ரெண்டு ஸ்டூலா போடுங்க சேர்."

ஸ்டூல் ஒன்று வந்தது.

நுவரெலியாவில் தோல் கிளினிக் டாக்டர் ஒருவர் அவருடைய விரல் முட்டிகளில் இருந்த தடிப்புகளைப் பார்த்தார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழும்பச் சொன்னார். டீச்சரால் முடியவில்லை. இது தோலோடு நிற்காமல் தசைக்குள்ளும் இறங்குகிற அழற்சியாக இருக்கலாம் என்று டாக்டருக்குச் சந்தேகம். ஆனால் தசை கெட்டிருந்தால் இரத்தப் பரிசோதனையில் உயர்ந்திருக்க வேண்டிய கணக்கு சரியாக இருந்தது. இரத்தம் காட்டாததை எம்.ஆர்.ஐ. படம் காட்டும் என்று சொல்லி, தொடையை ஸ்கேன் பண்ணக் கண்டியில் ஒரு திகதி வாங்கிக் கொடுத்தார்.

அந்தத் திகதியில்தான் மதிப்பீட்டுக் குழு பாடசாலைக்கு வருவதாக இருந்தது. வகுப்புகளுக்கு நேரசூசி போடுகிறவன் நான். "கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா டீச்சர்? ரத்தம்தான் நல்லா இருக்கே" என்றேன்.

"வலியும் இல்ல, ரத்தமும் சுத்தம். நான் நோயாளின்னு சொன்னா எனக்கே சிரிப்பு வருதுங்க சேர்" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தார். அடுத்த திகதி மூன்று மாதம் கழித்துக் கிடைத்தது. குழு வந்தது, மதியம் சாப்பிட்டது. புவியியல் வகுப்பைப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை.

படம் வந்த அன்று டீச்சர் அதை ஆசிரியர் அறை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். கை தளர்ந்ததால் நான் மேல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அதிபர் கண்ணியமாகக் கூரையைப் பார்த்தார். "வெக்கப்படாதீங்க சேர், உள்பக்கம்தானே" என்றார் டீச்சர். பிறகு வகுப்பில் வரைபடம் காட்டுகிற குரலில், "இந்த மாதிரிப் படத்துல சதை கறுப்பா இருக்கணுமாம். வெள்ளை வெள்ளையாத் தெரியிறதெல்லாம் வீக்கம்" என்றார். தொடை முழுவதும் வெள்ளை. தலவாக்கலைப் பக்கம் காலையில் பனி மூடிய பள்ளத்தாக்கு இருப்பதுபோல் இருந்தது. "இத்தன நாளா நீங்க எல்லாரும் என் மூஞ்சிய மட்டும் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

மருந்து தொடங்கினார்கள். ஏழு வாரத்தில் படியில் இரண்டு தடவை மட்டும் நின்றார். நாங்கள் கடிகாரத்தைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு நிம்மதியானோம்.

ரொட்டி தின்ற மறுநாள், சனிக்கிழமை, காய்ச்சல். திங்கட்கிழமை மூச்சுத் திணறல். தொண்டைத் தசையும் பலவீனமாக இருந்திருக்கிறது, விழுங்கியது நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்று ஆஸ்பத்திரி வாட்டு டாக்டர் பிறகு சொன்னார். மூன்று மாதம் முந்தித் தொடங்கியிருந்தால் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். டீச்சருக்கு நாற்பத்து நான்கு வயது.

அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. "வீட்டுல அம்மா பார்த்தா பயப்படுறாங்க, உங்க அலுமாரியில இருக்கட்டுங்க சேர்" என்று தந்திருந்தார். தம்பியிடம் கொடுக்கப் போனேன். நீங்களே வச்சிக்கங்க என்றார். கண்டி ஆஸ்பத்திரி உறையில், அவருடைய பெயரோடு, இரண்டாவது திகதியோடு இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.

அடக்கம் முடிந்த மறுநாள் எங்கள் பாடசாலையில் கன்னம் சிவந்த ஆறு பேர் அரை நாள் லீவு போட்டுக் கிளினிக்குக்குப் போனோம். ஆறு பேருக்கும் பனி.