பிந்தித் தொடங்கிய இத்தா

பட்டம் எடுக்க எனக்கு ஒரேயொரு பாடம்தான் மிச்சம் இருந்தது. புள்ளிவிபரவியல். மற்ற எல்லாவற்றிலும் சித்தியடைந்துவிட்டு, இதில் மட்டும் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தேன். மூன்று தடவைக்கு மேல் எழுத முடியாது என்பது பல்கலைக்கழக விதி. என் கணவர் கணித ஆசிரியர். எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து என்னை உட்காரவைத்துச் சொல்லித் தருவார். மண்டையில் ஏறாது. ஏறாவிட்டால் கோபம் எனக்குத்தான் வரும், அவருக்கு வராது.

சுனாமி அன்று காலையில் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனார். அடக்கம் செய்ய மையித்துகூடக் கிடைக்கவில்லை.

கிடைக்காத ஆளை மௌத்து என்று எப்படி ஒத்துக்கொள்வது? நாங்கள் அகதிகளாகத் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில், கணவனைக் கடலுக்குக் கொடுத்த பெண்கள் ஒரு வகுப்பறையில் இத்தா இருந்தார்கள். கணவன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்காமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். நான் இருக்கவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். உம்மா கெஞ்சினார். பள்ளிவாசல் ஆட்கள் வந்து மார்க்கம் சொன்னார்கள். எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். அம்பாறை வரைக்கும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், கட்டில் கட்டிலாக முகம் பார்த்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவருடைய உம்மா வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெத்த நானே மனச விட்டுட்டன், புள்ள. நீயும் இரு."

அன்றிலிருந்துதான் இத்தா இருந்தேன்.

ஜூனில் பரீட்சை என்று கடிதம் வந்தது. என் இத்தா ஜூலையில்தான் முடியும். தெரிந்த டாக்டரிடம் மெடிக்கல் சான்றிதழ் எடுப்போம் என்றார் உம்மா. உடம்புக்கு வருத்தம் என்று காட்டினால் அந்தத் தடவை கணக்கில் சேராது. எனக்கு ஆத்திரம் வந்தது. அவருக்காக நான் இருக்கும் இருப்பைக் காய்ச்சல் என்று எழுதுவதா? உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. பெறுபேறு வந்தது. பரீட்சைக்குத் தோற்றவில்லை, மூன்றாம் தடவையும் முடிந்தது என்று போட்டிருந்தார்கள்.

நாட்டில் சண்டை முடிந்த வருடம், சுனாமியாலும் சண்டையாலும் பரீட்சை தவறியவர்களுக்கு இன்னொரு தடவை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சுனாமித் திகதி போட்ட அவருடைய மரணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓடினேன். அலுவலகத்தில் இருந்த பெண்ணும் எங்கள் பக்கத்து ஆள்தான். இத்தாவைப் பற்றி அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. சான்றிதழைப் பார்த்தார், விரல்விட்டு மாதங்களை எண்ணினார், மறுபடியும் எண்ணினார்.

"இந்தத் திகதிப்படி உங்கட இத்தா மே மாசத் தொடக்கத்திலேயே முடிஞ்சிட்டே. பரீட்சை ஜூன்லதானே?"

"நான் பிந்தித்தான் இருந்தன்."

"ஏன்?"

"அவர் வருவார் எண்டு."

அதற்கு ஏதும் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை, இருந்தால் சேர்த்துவிடலாம் என்ற ஆசையில்தான் கேட்டார். இல்லை என்றேன். என் பத்திரங்களை அடுக்கி என் கையிலேயே தந்தார்.

பஸ்ஸில் வரும்போது நானும் எண்ணிப் பார்த்தேன். அவர் எத்தனை சொல்லியும் ஏறாத மண்டையில் இந்தக் கணக்கு மட்டும் ஒரே தடவையில் சரியாக வந்தது. அவர் செத்துவிட்டார் என்று அன்றைக்கே ஒத்துக்கொண்டிருந்தால், நான் அந்தப் பரீட்சையை எழுதியிருப்பேன்.