பிரிக்காமல் வைத்த பூட்டு

போன வாரம் எங்கள் பக்கத்துத் தமிழர் வாட்ஸப் குழுவில் ஒரு மூவிங் சேல் பட்டியல் வந்தது. யாரோ குடும்பத்தோடு இந்தியாவுக்குத் திரும்புகிறார்கள். சோபா, குழந்தைத் தொட்டில், வெட் கிரைண்டர் என்று வரிசையாகப் போட்டு, நடுவில் ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைபிள். ஒரே ஓனர், அதிகம் சுட்டதில்லை, பெட்டியோடு தரப்படும். அதற்கு அடுத்த வரி பிரஷர் குக்கர், கேஸ்கட் புதுசு.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். என்னவென்று மனைவி கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். எனக்கு அதற்கு மேல் பேச வராது. எழுதினால் கொஞ்சம் வருகிறது. அதனால்தான் உங்களுக்கு இது.

போட்டோவில் வாசனை கிடையாது. ஆனாலும் எனக்கு வந்தது. தையல் மிஷினுக்கு விடும் எண்ணெய் மாதிரி இருக்கும், கொஞ்சம் காரம் கூடுதல். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்கு நன்றாக வேலை செய்கிற ஒரே உறுப்பு மூக்குதான். மாவு புளித்துவிட்டதா, சாம்பார் அடிபிடிக்கிறதா, அது சொல்லிவிடும். மற்ற விஷயமெல்லாம் யாராவது சொன்னால்தான் தெரியும்.

அப்படிச் சொல்கிறவனாக ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் எனக்கு சரவணன் இருந்தான். பெருந்துறைப் பக்கத்துப் பையன், கம்ப்யூட்டர் வேலை. டெக்சாஸில் காப்பெல் என்கிற ஊரில் ஒரு வீட்டை லீசுக்கு எடுத்து எனக்கு ஒரு அறை கொடுத்தான். வாடகை கொஞ்சம், மிச்சத்துக்கு நான் சமைப்பேன். ரெஸ்டாரன்டில் நாள் முழுக்கச் சமைத்துவிட்டு வீட்டிலும் சமையலா என்று கேட்பீர்கள். எனக்கு வேறென்ன தெரியும்? எனக்கு டைபாய்டு வந்தபோது பதினோரு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவன் அவன். உப்பே இருக்காது. குடித்தேன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம்.

அவன் எதை வாங்கினாலும் விற்கிற நாளை வைத்துத்தான் வாங்குவான். கார், டிவி, மெத்தைகூட அப்படித்தான். விசாவில் இருப்பவர்கள் பாதிப் பேர் அப்படித்தான். என்றைக்குக் கிளம்பச் சொல்வார்கள் என்று தெரியாது அல்லவா. மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக் கடைசிவரை அவன் கழற்றவில்லை. புரண்டு படுத்தால் சத்தம் என் அறைக்குக் கேட்கும்.

ஆபீசில் இரண்டு பேர் ரைபிள் வாங்கினார்கள். இவனுக்கும் வேண்டும் என்று தோன்றிவிட்டது. எதற்கு என்று கேட்டேன். "சும்மாதானுங்ணா, டெக்சாஸ்ல இருக்கறோம்" என்றான்.

விசாவில் இருப்பவனுக்கு லேசில் தர மாட்டார்களாம், வேட்டை லைசென்ஸ் இருந்தால் தருவார்களாம். எடுத்தான். முட்டைகூடத் தொடாதவன் அவன். நான் ஆம்லெட் போட்ட கல்லில் அவனுக்கு தோசை வார்க்கக் கூடாது. பர்ஸில் விபூதிப் பொட்டலம், அதை ஒட்டி வேட்டை லைசென்ஸ்.

மூன்று மாதம் சனிக்கிழமைதோறும் இட்லி சாப்பிட்டுவிட்டுத் துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கார் அவனுடையது. எனக்கு ஓட்டத் தெரியாது, பக்கத்து சீட்டில் உட்காரத் தெரியும். விலை குறைந்ததில் மூன்றைப் பொறுக்கி எக்செல் ஷீட்டில் போட்டிருந்தான். எடை, விலை, ஒரு வருஷம் கழித்து என்ன போகும், மூன்று வருஷம் கழித்து என்ன போகும். எது எத்தனை தூரம் சுடும் என்று ஒரு கட்டம் இருந்தது, அதை அவன் நிரப்பவே இல்லை.

ஒருநாள் ஒன்றை என் கையில் கொடுத்தான்.

"புடிச்சுப் பாருங்ணா. எப்படி இருக்குது?"

பிடித்தேன். கேட்டரிங் இட்லிக் குண்டானைவிட லேசு. "லேசாத்தான் இருக்கு" என்றேன். அதையும் போனில் குறித்துக்கொண்டான். கடைசியில் அதைத்தான் வாங்கினான். என் அபிப்பிராயத்தை அமெரிக்காவில் ஒருவன் குறித்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

கையில் ஒட்டிய எண்ணெய் வாசனை போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தேன். மறுநாள் சட்னி அரைக்கும்போது எனக்கு மட்டும் அடித்தது.

வாங்கிய பிறகு அப்கிரேட் பேச்சு. சாப்பிடும்போதும் அதுதான். டிரிக்கர் மாற்றலாமா, மேலே ஸ்கோப் வைக்கலாமா, முன்னால் கைப்பிடியை மாற்றலாமா. போட்ட காசு விற்கும்போது திரும்பாதாம். அதனால் பழைய பாகத்தைப் பஞ்சில் சுற்றி வைத்துவிட வேண்டும். விற்கும்போது அதையே திரும்ப மாட்டி, புதியதைத் தனியாக விற்க வேண்டும். கண் பளபளக்கச் சொல்வான். இரண்டே தடவை, சுட்டுப் பழகும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டான். எத்தனை குண்டு என்று கணக்கு எழுதி வைத்தான், குறைவாகச் சுட்டிருந்தால் மதிப்பாம். ஆளைக் கொல்லும் சாமானை வைத்துக்கொண்டு ஒருவன் மாட்டுத் தரகு பேசுகிறான். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு கோவில்பட்டியிலிருந்து மனைவியும் மகளும் வந்தார்கள். மகள் கயலுக்கு அப்போது ஐந்து வயது. அதே வீடு, அதே அறை. சரவணன் அவளுக்கு ஒரு சைக்கிள் வாங்கி வைத்திருந்தான்.

ரைபிள் அவன் கட்டிலுக்கு அடியில், பெட்டியில் இருந்தது. பெட்டிக்குப் பூட்டு இல்லை. நான் கேட்டேன்.

"இதுக்குப் பூட்டு கெடையாதா தம்பி?"

"இருக்குதுங்ணா. கம்பெனிக்காரனே உள்ள விட்டுப் பூட்டற கம்பிப் பூட்டு ஒண்ணு சும்மா குடுத்திருக்கறான். கவர் பிரிக்காம வச்சிருக்கறேன்."

"பிரிச்சிப் போட்டா என்ன?"

"விக்கறப்ப எல்லாம் சீலோட இருந்தா ஒரு மதிப்புங்ணா. கம்பி ஒரசுனா கோடு வேற விழுந்துரும்."

கதவுக்காவது ஒரு பூட்டுப் போடலாம் என்றேன். வாடகை வீட்டில் துளை போட்டால் டெபாசிட் போய்விடும் என்றான். சரி என்றேன். அவன் வீடு, அவன் கார், அவன் வைத்த கஞ்சி.

"நீங்க அழுத்திச் சொல்ல மாட்டீகளா?" என்று மனைவி இரண்டு தடவை கேட்டாள். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

அவர்கள் வந்து நாலாவது ஞாயிறு. பகல். நான் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சரவணன் கராஜில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். குழந்தையின் சத்தம் கொஞ்ச நேரமாக இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன்.

அவன் அறையில் கார்ப்பெட்டில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி திறந்து கிடந்தது. ரைபிள் அவள் மடியில் குறுக்காக இருந்தது, முனை என் வயிற்றைப் பார்த்து. பூட்டின் கவரைப் பல்லால் கிழித்திருந்தாள். அந்தக் கம்பியைக் கழுத்தில் மாட்டியிருந்தாள்.

"அப்பா, மால" என்றாள்.

அதில் குண்டு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க எனக்குத் தெரியாது. மூன்று மாதம் கடைக்குப் போனவன், ரீசேல் தெரியும், அது தெரியாது. பக்கவாட்டில் போய் அவளைத் தூக்கினேன். அது மடியிலிருந்து சரிந்து விழுந்தது. வெடிக்கவில்லை. என் சட்டையில் கடுகு வாசனை, அவள் கையில் அந்த எண்ணெய் வாசனை.

சத்தம் கேட்டு சரவணன் வந்தான். வாசலில் நின்று பார்த்தான்.

"அய்யோ, கவரப் பிரிச்சுட்டாளா?" என்றான்.

அதுதான் அவன் சொன்ன முதல் வார்த்தை. குனிந்து கவரின் கிழிந்த துண்டை எடுத்து ஒட்டுமா என்று பார்த்தான். அவனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதற்கு நான் சொன்னதைக் கேளுங்கள்.

"மன்னிச்சிரு தம்பி, வேற வாங்கித் தந்துருதேன்" என்றேன்.

மகளைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். மனைவி பின்னால் நின்றிருந்தாள்.

"யாருகிட்ட மன்னிப்புக் கேக்கீக?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். அன்று இரவு கயலின் கையை மூன்று தடவை கழுவிவிட்டாள்.

ஒன்பதாம் நாள் ரெஸ்டாரன்ட் முதலாளியின் வீட்டுப் பின்பக்க அறைக்குப் போனோம். சாமானை ஏற்றிவிட்டதும் சரவணன்தான். "குண்டே இல்லீங்ணா அதுல, எதுக்குங்ணா போறீங்க?" என்றான். உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை. சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டோம்.

ஒரு வருஷம் கழித்து வேறு மாநிலத்தில் இருக்கும் எடிசனிலிருந்து கூப்பிட்டான். அங்கே வேலை மாறிவிட்டதாம். கிளம்புவதற்கு முன்னால் ரைபிளை விற்றுவிட்டானாம். வாங்கிய விலைக்குக் கொஞ்சம்தான் குறைவாம். குரலில் அத்தனை சந்தோஷம்.

"யாருக்கு வித்த?"

"தெரியலீங்ணா. பார்க்கிங் லாட்டுக்கு வந்தாரு, பாத்தாரு, எடுத்துட்டுப் போயிட்டாரு."

"என்ன ஆளு?"

"கேக்கலீங்ணா. பேரம் பேசல, அது போதும்."

போனை வைத்தேன். பிறகு அவன் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அந்த லேசான சாமான் இப்போது எந்தக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, யாருக்குத் தெரியும்? செய்தியில் ஏதாவது பள்ளிக்கூடத்தைக் காட்டினால் டிவியை அணைத்துவிட்டுப் போய்விடுகிறேன்.

கயலுக்கு இப்போது பத்து வயது. அவளுக்கு எதுவும் நினைவில்லை. தோழிகள் பிறந்தநாளுக்குக் கூப்பிடுகிறார்கள், இரவு தங்கக் கூப்பிடுகிறார்கள். அனுப்பும் முன் அந்த வீட்டுக்காரருக்குப் போன் செய்து, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். ஒரு தோழியின் அப்பா கோபப்பட்டு, பிறகு கூப்பிடவே இல்லை. சிலர் இருக்கிறது என்று சொல்லிவிட்டு என்ன மாடல் என்று ஆரம்பிக்கிறார்கள். "ப்ளீஸ்ப்பா, டோன்ட் ஆஸ்க்" என்று மகள் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

இந்த நாட்டுக்கு வந்த முதல் மூன்று வாரம் அவள் பக்கத்து வீடு, எதிர் வீடு என்று போய்க்கொண்டே இருந்தாள். யார் வீடு என்றுகூட நான் கேட்டதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பாள். அடுப்படியிலிருந்தபடியே "போயிட்டு வா" என்பேன். நான் பேசுவதே கொஞ்சம். அதில் அந்த இரண்டு வார்த்தை அப்புறம் என் வாயில் வரவேயில்லை.