காலிக் கட்டத்தில் நான் அடித்த பூஜ்யம்

கேரளம் முழுக்கச் சிக்குன்குனியா பரவிய ஆண்டு அது. திருவனந்தபுரத்தில் ஒரு சுகாதார அலுவலகத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். கணக்கில் முதுகலை படித்தவள் என்பதால், காய்ச்சல் அடுத்து எந்த ஊருக்கு எவ்வளவு வேகமாகப் போகும் என்று கணித்துச் சொல்வது என் பொறுப்பு. அதைப் பார்த்துத்தான் கொசுவுக்குப் புகை அடிக்கும் ஆட்களை அனுப்புவார்கள்.

வாராவாரம் ஊர்வாரியாக நோயாளிகளின் எண்ணிக்கை வரும். பொன்முடி மலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கான கட்டம் மட்டும் காலியாகவே இருக்கும். காலிக் கட்டத்தை வைத்துக்கொண்டு கணினி கணக்குப் போடாது. நான் அங்கே பூஜ்யம் அடித்தேன். யாரும் அடிக்கச் சொல்லவில்லை. மலையடிவாரத்து வித்துராவோடு காய்ச்சல் நின்றுவிடும், மலை ஏறாது என்று விடை வந்தது. என் அதிகாரி அதை மீட்டிங்கில் காட்டிப் பாராட்டு வாங்கினார். புகை அடிப்பவர்கள் நகரத்துக்குப் போனார்கள். எனக்கும் அன்று பெருமைதான்.

இரண்டு வாரம் கழித்துப் பதிவேடு பார்க்க வித்துரா ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் ஒரு ஜீப்பிலிருந்து ஆறு பேரை இறக்கினார்கள். லயத்து ஆட்கள், ஒருவராலும் நிமிர முடியவில்லை. திரும்பிப் போன அதே ஜீப்பில் நானும் மலை ஏறினேன்.

வீட்டுக்கு வீடு ஆட்கள் முடங்கிக் கிடந்தார்கள். ஒருத்தி கழிப்பறைக்குத் தவழ்ந்தே போய்விட்டு வந்தாள். அவள் வீட்டுத் தண்ணீர் டிரம்மின் மூடியைத் தூக்கினேன். கொசுப்புழு நெளிந்தது. அதைத் துணியில் வடிகட்டித்தான் குடித்தார்கள்.

“கணக்கெடுக்க யாரும் வரலியாக்கா?”

“ஆரு வருவா, மோளே? பஸ்ஸே ஒழுங்கா வராது. கீழ இருந்தே எழுதிக்கிடுவாங்கன்னு நெனச்சோம். ஒண்ணும் எழுதலியா?”

பூஜ்யம் எழுதியவள் நான்தான் என்று சொல்லாமல் டிரம்மை மூடினேன்.

மறுநாள் அதிகாரியிடம் சொன்னேன். மலையாளி, என்னிடம் தமிழில்தான் பேசுவார்.

“பூஜ்யம்னு ரிப்போர்ட் மேலே போயாச்சு. இனி மாத்தினா நம்மள் ரெண்டாளும் மாட்டுவோம், கேட்டோ?” வாழைப்பழ பஜ்ஜியான பழம்பொரியைத் தின்றுகொண்டே சொன்னார். எண்ணெய் விரல்களை என் வரைபடத் தாளிலேயே துடைத்தார். அந்த முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. என் விரல்களைப் பார்க்கவும்தான்.

அவருக்கு மேலிருந்தவருக்கு நானே கடிதம் எழுதினேன்: அந்த எண் பொய், அடித்தவள் நான். புகை அடிக்க அடுத்த வாரம் ஆட்கள் போனார்கள். அதற்குள் காய்ச்சல் எல்லா லயங்களையும் சுற்றி முடித்திருந்தது.

என் ஒப்பந்தத்தை அவர்கள் நீட்டிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.