மரத் துவக்கும் பொலிஸ்காரரும்

நேற்றுக் காலை வெள்ளவத்தை பஸ் தரிப்பிடத்தில் வேடத்துக்காக மரத்தில் செய்த துவக்கோடு, அதுதான் துப்பாக்கியோடு, பொலிஸிடம் மாட்டிக்கொண்டேன்.

ஒல்லாந்தர் காலத்து ராஜாவாகவும் எல்லைக் காவலர்களாகவும் வேடமிடும் குழு ஒன்றில் நான் இருக்கிறேன். இந்த வார இறுதியில் வத்தளையில் பயிற்சி. தீப்பெட்டி இல்லாமல் நெருப்பு மூட்டவும், நாரில் கயிறு திரிக்கவும் பழகினோம்.

துவக்கை நான் பெட்ஷீட்டில் சுற்றிக் கொண்டுபோனதுதான் பிழை.

"என்ன அது?" என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார். அவர் கேட்கும் முன்பே அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். ஏனென்று, யுத்தகாலச் சோதனைச் சாவடிகளைக் கண்ட என் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

விரித்துக் காட்டி, எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் துவக்கைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "புது ஆட்களைச் சேர்ப்பீங்களா?" என்றார்.

பகிடி என்று நினைத்து இடத்தைச் சொல்லிவிட்டேன்.

இன்று காலை பயிற்சி இடத்தில் எங்கள் குழுவின் ரிஸ்வான் என்னிடம் ஓடிவந்தான்.

"அக்கா, உங்கட பொலிஸ் வந்து நிக்கிறார்!"

சீருடை இல்லாமல் சாரம் உடுத்தி வந்திருந்தார். நேற்று முழுவதும் எங்களுக்கு வராத நெருப்பு, அவர் சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டியதும் பொறியாக விழுந்தது. பொறி விழுந்த தேங்காய் நார்த் தும்பை என் கையில் தந்து, "ஊதுங்க அக்கா" என்று தமிழிலேயே சொன்னார். ஊதினேன். பற்றிக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

போகும்போது, ராஜா வேடம் தனக்குத்தான் வேண்டும் என்றார். அந்த வேடத்துக்கு ஏற்கனவே மூன்று பேர் சண்டை.

பொலிஸ்காரரிடம் இதை யார் போய்ச் சொல்வது?