சாக்கடையில் போன கஞ்சி

என் வீட்டு அலமாரியில் ஓர் அலுமினியத் தூக்குச்சட்டி இருக்கிறது. பம்பாய் தாராவியில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்த அக்காவுடையது. அவர்களும் திருநெல்வேலிப் பக்கம்தான். நோன்பு மாதம் வந்தால் சாயங்காலம் அந்தத் தூக்கில் எங்களுக்குக் கஞ்சி வரும். எண்பதுகளில் ஒரு நோன்பின்போது என் வீட்டுக்காரர் காவிக்கொடிக் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்திருந்தார். "துலுக்க வீட்டுக் கஞ்சி இனிமே இங்க வரக்கூடாது" என்றார். அக்காவின் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தினமும் வாங்கிக்கொள்வேன், வாசல் சாக்கடையில் ஊற்றுவேன், வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாதே என்று கழுவித் துடைத்து ஒரு கை சீனி போட்டுத் திருப்பிக் கொடுப்பேன்.

அந்த நாட்களில்தான் மாட்டுங்காவிலிருந்து ஒரு கல்லூரி டீச்சரம்மா டேப் ரிக்கார்டரோடு வந்தார். முஸ்லிம்கள் மேல் ஜனங்களுக்கு வெறுப்பு எப்படி ஏறுகிறது, காவிக்கொடிக் கட்சி வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்று ஆராய்ச்சி பண்ணுகிறாராம். நான் நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அக்காவும் நானும் ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தோம். "கூட்டமெல்லாம் நடக்க ஆரம்பிச்ச பிறகு உங்களுக்குள்ள ஏதாவது மாறியிருக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் மாறல. அக்கா வீட்டுக் கஞ்சியத்தான் தெனமும் குடிக்கோம்" என்றேன்.

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். டீச்சரம்மா போன பிறகு சிரித்தாள். "நேத்து வரைக்கும் இந்தக் கொடிக்காரனுவ நம்ம ரெண்டு வீட்டையும் சேத்துத்தானட்டி மதராசின்னு வெரட்டுனானுவ. இன்னைக்கு ஒம் மாப்ளைக்கு நாற்காலி போடுதானுவளாக்கும்." எழுந்து போகும்போது திரும்பாமலே சொன்னாள்: "ஒங்க வீட்டுச் சாக்கடை எங்க வாசல் வழியாத்தான் போவுது, பாத்துக்க."

அன்றைக்கும் கஞ்சி வந்தது. ஊற்றவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை. மூடியபடியே புளித்துப்போனது. மறுநாளிலிருந்து வரவில்லை. தூக்கைக் கொடுக்க அவள் வாசல் வரை போவேன், திரும்பிவிடுவேன். பெருநாள் கழிந்ததும் விக்ரோலிக்குக் குடிபோய்விட்டார்கள். சயானில் ரயில் ஏறினால் அரை மணிகூட ஆகாது. நான் போகவில்லை.

டீச்சரம்மா இன்னொரு முறை வந்தார். நான் சொன்னதை எழுதிக்கொண்டுவந்து வாசித்துக் காட்டினார். "மாத்தணும்னா சொல்லுங்கோ, மாத்திடலாம்." பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. எங்கள் வீட்டுக்குள் என் வீட்டுக்காரர் சவரம் செய்துகொண்டிருந்தார். "சரியாத்தான் இருக்கு" என்றேன்.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. எங்கோ ஒரு கல்லூரிக் காகிதத்தில் நான் இன்னும் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறேன். தூக்கில் ஒரு கை சீனி போட்டு வைத்திருக்கிறேன். கட்டி தட்டியதும் கொட்டிவிட்டு வேறு போடுவேன்.