காப்பு கட்டிய புத்திசாலி

என்னைவிட எட்டு நிமிடம் மூத்தவன் என் அண்ணன். அந்த எட்டு நிமிடத்தை வைத்துக்கொண்டு ஐம்பத்து மூன்று வருடம் என்னிடம் அதிகாரம் செய்தான். மலேசியாவில், பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒரே பிரசவத்தில் பிறந்தோம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆறு வருடமும் அவன்தான் முதல், நான் இரண்டாவது. ஐந்தாம் ஆண்டில் ஒரே ஒரு பரீட்சையில், அவன் அம்மை போட்டுப் படுத்திருந்தபோது, நான் முதலாவதாக வந்தேன். அதையும் அவன், "அது ஆத்தா ஒனக்குப் போட்ட பிச்சை லா" என்று சொல்லிக்காட்டாத வருடமே கிடையாது.

நான் ஈப்போவில் கணித ஆசிரியை. அவன் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் மிஷின்களைப் பழுதுபார்ப்பவன். பிள்ளைகளுக்கு நான் எழுதும் பயிற்சித் தாள்களை முதலில் அவனிடம்தான் கொடுப்பேன். டீ குடிக்கிற நேரத்தில் எல்லாக் கணக்கையும் போட்டு முடித்துவிட்டு போன் அடிப்பான். "பதினாலாவது கேள்வியில ரெண்டு விடை வருது டீச்சரம்மா. பிள்ளைங்க பாவம் லா." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போட்டுப் பார்த்தால் அவன் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

அப்படிப்பட்ட தலைக்குள் சாமிக்கு எப்படி இடம் கிடைத்தது? என் வாழ்நாள் முழுக்க அவனோடு நடந்த சண்டை இது ஒன்றுதான். பதினெட்டு வயதில் நான் கும்பிடுவதை நிறுத்திவிட்டேன். பெரிய காரணமெல்லாம் இல்லை. கணக்கில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேட்டுப் பழகிவிட்டேன், கோயிலில் யாரும் சொல்லவில்லை. அவனும் அதே கணக்கைத்தான் படித்தான். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுவான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வீட்டில்தான் எனக்குப் பசியாறல். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவனுக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. அண்ணி தோசை ஊற்ற ஊற்ற நாங்கள் இரண்டு பேரும் சாமியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே தின்போம். ஒருநாள் கோயில் திருவிழா நோட்டீசின் பின்பக்கத்தில் ஒரு வரைபடம் போட்டுக் காட்டினேன். படுக்கைக் கோட்டில் அறிவு, நிமிர்ந்த கோட்டில் பக்தி. அறிவு ஏற ஏற பக்தி சரிந்து இறங்குகிறது. அந்தச் சரிவுக்கு வெகுதூரத்தில், வலது பக்க உச்சியில் ஒரு புள்ளி வைத்து, "இதுதான் நீ. கோட்டுலயே ஒட்டாதவன்" என்றேன்.

அவன் தோசைக் கையோடு அதை உற்றுப் பார்த்தான். "அப்ப கோடு தப்பு லா. புள்ளி இருக்குது பாரு, கண்ணு முன்னால."

"ஒரு புள்ளிக்காகக் கோட்ட மாத்துவாங்களா?"

"தெரியாததுனால கும்பிடுறேன்னு நெனைக்கிற. தெரிஞ்சதெல்லாம் தெரிஞ்சதுக்கு அப்புறமும் மிச்சம் இருக்குது. அதைத்தான் கும்பிடுறேன்."

"மிச்சத்துக்குப் பேரு மாரியம்மனா?"

"ஒன்னைய தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விட்டாத்தான் சரிப்படுவ" என்பான். அண்ணி சிரிப்பாள். அன்றைய சண்டை அத்துடன் முடியும். அடுத்த ஞாயிறு திரும்ப ஆரம்பிப்போம். உண்மையைச் சொன்னால், அவனோடு சண்டை போடத்தான் நான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன்.

எங்கள் தோட்டம் இப்போது இல்லை. பால்மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டார்கள், நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. வருடத்துக்கு ஒருமுறை ஒன்பது நாள் திருவிழாவுக்கு எல்லோரும் எங்கெங்கிருந்தோ வந்துவிடுவார்கள். கரகம் எடுப்பது எங்கள் அப்பாவின் உரிமை, அவருக்குப் பிறகு அண்ணனுடையது. கரகம் எடுப்பவன் முதல் நாளே கையில் மஞ்சள் நூலில் காப்புக் கட்டிக்கொள்வான். ஒன்பது நாளும் கோயிலிலேயே படுக்கை, காலில் செருப்பில்லை, கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது. சாவு வீட்டையும் ஆஸ்பத்திரியையும் மிதிக்கவே கூடாது. அவன் வருட லீவை அப்படியே இதற்கு எடுத்துவைப்பான்.

அவனுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து பதினொரு வருடம் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் செம்பனை மட்டை முள் உள்ளங்காலில் ஏறிவிட்டது.

நான்காம் நாள் சனிக்கிழமை. பழம் வாங்கிக்கொண்டு சும்மா பார்த்துவரப் போனேன். கோயில் மண்டபத்தில் காலை நீட்டி உட்கார்ந்து தோரணம் கட்டிக்கொண்டிருந்தான். கால் கணுக்கால்வரை வீங்கிப் பளபளவென்று இருந்தது.

"என்னடா இது?"

"முள்ளு. புடுங்கியாச்சு, மஞ்சள் வச்சிருக்கேன்."

"வலிக்குதா?"

"வலியே இல்ல லா."

இனிப்பு நீர்க்காரன் வலிக்கவில்லை என்று சொன்னால் கால் நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். இப்போதே கிளம்பு என்றேன். "காப்பு கட்டியாச்சு. இன்னும் அஞ்சு நாளுதான. முடிஞ்ச மறுநாள் நானே வாரேன், நீயே கார ஓட்டு" என்றான்.

அந்த இடத்தில் நான் அழுதிருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே நான் அழுதால் அவனுக்குத் தாங்காது. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் நொண்டிக்கொண்டே வந்து காரில் ஏறியிருப்பான். பாவி நான், வாதம் பண்ணினேன். வகுப்பில் பேசுகிற அதே குரலில், பந்தல் போடுகிறவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி பேசினேன்.

"ஒங்க ஆத்தாவுக்கு மூளை இருக்கா இல்லியா? கால் அழுகினாலும் பரவாயில்ல, எனக்குக் கரகம்தான் வேணும்னு சொல்றவ ஒரு சாமியா? இத்தனை அறிவு இருந்து என்னடா பிரயோஜனம்? ஒரு முழம் நூலு ஒன் தலையவிடப் பெருசாப் போச்சா?" சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தேன்.

அவன் தோரணத்தைக் கீழே வைத்தான். "இப்ப நான் கார்ல ஏறுனா என்னா அர்த்தம்?"

"ஏறுனா, இத்தனை வருஷமா நான் சொன்னது சரி, நீ சொன்னது தப்புன்னு நீயே ஒத்துக்கிட்டதா அர்த்தம். அப்புறம் ஜென்மத்துக்கும் வாயத் தொறக்கக் கூடாது."

அவன் தோரணத்தைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு, "வெயில் ஏறுது. பாத்து ஓட்டு" என்றான். நான் பழத்தைப் பொத்தென்று வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் நான் போன் பண்ணவில்லை. வீம்பு. அவனே அடிக்கட்டும் என்று இருந்தேன். செவ்வாய்க்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது அண்ணி கூப்பிட்டாள். காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போடுகிறது, என்னையே யாரென்று கேட்கிறார், காரில் ஏற்றிவிட்டோம், ஈப்போ ஆஸ்பத்திரிக்கு வா என்றாள். நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு தாதி அவன் கையிலிருந்த காப்பைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தாள். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் டாக்டர். சனிக்கிழமையே வந்திருந்தால் ஒரு கால்விரலோடு போயிருக்கும் என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் போய்விட்டான். அன்றுதான் கரகம்.

துக்க வீட்டுக்கு மாரியம்மன் கோயில் பூசாரி வந்தார். வாரநாட்களில் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறவர், எங்களைவிட நான்கைந்து வயது பெரியவர். அவரை வாசலிலேயே நிறுத்தி, "ஒங்க நூலுதான் அவனைக் கொன்னுச்சு! போய் ஒங்க சாமிகிட்டச் சொல்லுங்க" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போய்விட்டார். அதன் பிறகு ஒரு வருடமாக ஆசிரியர் அறையில், சொந்தக்காரர்களிடம், பக்கத்து வீட்டில், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய புத்திசாலியையும் மூடநம்பிக்கை தின்றுவிடும், என் அண்ணனைப் பாருங்கள் என்று. ஒவ்வொரு தடவையும் அந்தக் கதையில் நான் முன்பே எச்சரித்தவளாக இருந்தேன்.

இந்த வருடத் திருவிழாவின் முதல் நாள் கோயிலுக்குப் போனேன், கும்பிட அல்ல. இனிப்பு நீர் உள்ளவர்கள் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்று எழுதி ஒட்டச் சொல்லிச் சண்டை போடப் போனேன். மண்டபத் தூணில் அதை ஏற்கெனவே எழுதி ஒட்டியிருந்தார்கள். வாய்க்கு வேலையில்லாமல் நின்றவளைப் பூசாரி பார்த்துவிட்டு, "ஒரு நிமிஷம் வாங்க டீச்சர்" என்று மண்டபத்துக்குப் பின்னால் அழைத்துப்போனார்.

"ஒரு வருஷமா நெஞ்சுக்குள்ளயே வச்சிருக்கேன். சொல்லக் கூடாதுன்னு அவரு கேட்டுக்கிட்டாரு. என்னையத் திட்டுங்க, பரவாயில்ல. ஆத்தாவத் திட்டுறீங்கல்ல, அதைத்தான் தாங்க முடியல."

"என்ன சொல்லக் கூடாதுன்னு?"

"நீங்க சண்டை போட்டுட்டுப் போன அன்னைக்குச் சாயங்காலம் ஒங்க அண்ணே நொண்டிக்கிட்டே எங்கிட்ட வந்தாரு. பூக் கேக்கணும்னாரு. செவப்புப் பூ ஒரு எலையில, வெள்ளைப் பூ ஒரு எலையில மடிச்சு ஆத்தா முன்னால போட்டேன். வெள்ளை வந்தா போலாம்னு அர்த்தம். அவரே ஒன்னை எடுத்துப் பிரிச்சாரு. வெள்ளை."

"வெள்ளையா?"

"ஆத்தாவே உத்தரவு குடுத்துட்டா, காப்ப அவுத்துச் சூலத்துல கட்டிட்டு இப்பவே கெளம்புங்க, நானே கொண்டுபோய் விடுறேன்னு சொன்னேன் டீச்சர். முடிச்சுல கைய வச்சேன். அவருதான் என் கையப் புடிச்சுக்கிட்டாரு." பூசாரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காலையிலதான் தங்கச்சி வந்து கத்திட்டுப் போச்சு, இப்பப் போயி நின்னா அது ஜெயிச்சிரும், சாகுற வரைக்கும் சொல்லிச் சிரிக்கும் லா, நாலஞ்சு நாளுதான, ஓட்டிருவோம்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு."

எப்படி அங்கிருந்து காருக்கு வந்தேன் என்று தெரியவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஐயோ ஐயோ என்று வாய்விட்டு அழுதேன். சாமி அவனை விட்டுவிட்டது. நான்தான் விடவில்லை. முட்டாள்தனத்தில் செத்தான் என்று ஊரெல்லாம் சொன்னேனே, என்னிடம் முட்டாள் என்று பேர் வாங்கக் கூடாது என்றுதானே அவன் செத்தான். நாங்கள் இரண்டு பேருமே புத்திசாலிகள். தோற்கத் தெரியாத புத்திசாலிகள்.

அண்ணியிடம் சொல்லிவிட வேண்டும் என்று நேராக ஜெலாப்பாங்குக்கு ஓட்டினேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். கூடத்து மூலையில் சாமி மேடை இருந்த இடம் காலியாக இருந்தது. சுவரில் படங்கள் மாட்டியிருந்த சதுரங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன.

"இன்னைக்குக் காப்புக் கட்டுன்னு காலையில போன் வந்துச்சு" என்றாள் அண்ணி. "அப்பவே எல்லாத்தையும் எறக்கி மூட்டை கட்டிட்டேன். இனிமே இந்த வீட்டுல சாமி வேணாம் மா. நீதான் அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்ன. ஒன் அறிவுல கொஞ்சம் எங்களுக்கு இருந்திருந்தா அவரு இன்னைக்கு இருந்திருப்பாரு, இல்ல?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.