ஏடு படியாத எருமைப் பால்

பால் சங்கத்தில் என் பாலைத் திருப்பி அனுப்பிய காலையிலிருந்து சொல்கிறேன்.

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் எங்கள் சங்கம். அங்கே பால் சோதிக்கிற செல்வம் என் பாலை மெஷினில் விட்டான். நம்பாமல் இன்னொரு முறை விட்டான்.

“இன்னாக்கா இது, எரும பால்ல பசும்பால் ஃபேட்டு காட்டுது?”

“தண்ணி ஊத்தினேன்னு சொல்றியா?”

“தண்ணி ஊத்தினா மத்த சத்தும் எறங்கும்க்கா. அதெல்லாம் கரெக்டா கீது. கொழுப்பு மட்டும் காணோம். ஏட்ட எடுத்துகினு ஊத்தினியா?”

வரிசையில் என் பின்னால் நின்ற குமாரி சும்மா இருப்பாளா? “அதான் அக்கா வூட்டாண்ட போனா நெய் வாசன தூக்குது!” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். 

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் என் பாலைப் பார்த்து அதுவரை ஒருவர் ஒரு சொல் சொன்னதில்லை. “நாளைக்கு நீயே வந்து கற” என்று செல்வத்திடம் சொல்லிவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த எருமைக்குக் கருப்பி என்று பெயர். முதல் ஈற்று. அவள் தாயின் பாலைக் காய்ச்சினால் ஏடு அடை மாதிரி படியும். அதை நம்பித்தான் இவளை விற்காமல் வளர்த்தேன். எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான், தாயைப் பார்த்துக் கன்றை வைத்துக்கொள்வோம். சினை ஊசி போடும்போது அது எந்தக் காளையின் விந்து என்று யாரும் கேட்பதில்லை. சினை பிடித்தால் போதும். கருப்பிக்குப் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு எல்லாம் வைத்துப் பார்த்தேன். பால் கூடியது. ஏடு கூடவில்லை.

மறுநாள் செல்வம் வந்தான். வேடிக்கை பார்க்கக் குமாரியும் வந்தாள். கால்நடை டாக்டரம்மாவை நானே வரவழைத்திருந்தேன். கடைசியில் வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம் என்பதால், செல்வம் மடி வற்றும்வரை கறந்தான். எல்லாருமாகச் சங்கத்துக்கு எடுத்துப்போய் மெஷினில் விட்டால் அதே எண்.

“தப்பா பேசிட்டேன்க்கா” என்றான். குமாரி தன் கேனை எடுத்துக்கொண்டு நழுவினாள். எனக்குத் தலை நிமிர்ந்தது. அது டாக்டரம்மா பேசும்வரைதான்.

“மடியில நோய் இல்ல, தீவனத்துலயும் குறை இல்ல. இது பிறவியிலயே வர்றதும்மா. பால்ல எவ்வளவு கொழுப்புன்னு நிறைய ஜீன் சேர்ந்து முடிவு பண்ணுது. பாதி தாய்கிட்டேருந்து வரும், பாதி காளைகிட்டேருந்து வரும். ஒரே தாய்க்குப் பொறந்த ரெண்டு கன்னுகூட ஒண்ணா இருக்காது.”

“மருந்து இருக்குதா?”

“இல்லம்மா. தீவனத்தால கொஞ்சம்தான் ஏத்தலாம்.”

சங்கத்தில் கொழுப்புக்குத்தான் விலை. கிடைத்த விலை கருப்பியின் தீனிக்கே போதவில்லை. விற்பதென்று முடிவு செய்தேன்.

இரும்புலியூரிலிருந்து வளர்ப்புக்கு வாங்க ஒருவர் வந்தார். மடியைத் தொட்டுப் பார்த்தார், பிடித்துப்போயிற்று. “பால் எப்பிடிம்மா?” என்றார்.

“நெறைய கறக்கும். கொழுப்பு இல்ல.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்து வந்தவருக்கும் அதையேதான் சொன்னேன். அவரும் போய்விட்டார். மறைத்திருந்தால் வாங்கியிருப்பார்கள். என் வாயில் பொய் வரவில்லை.

கடைசியாக வந்தவர் பாலைப் பற்றிக் கேட்கவே இல்லை. முதுகையும் தொடையையும் அழுத்திப் பார்த்தார். எதற்கு வாங்குகிறார் என்று தெரிந்துதான் கொடுத்தேன்.

மாடு வைத்திருக்கும் பெண்களே, ஊசி போட வருகிறவரிடம் காளையைப் பற்றிக் கேளுங்கள். அதன் தாயின் பாலில் கொழுப்பு எவ்வளவு, மகள்கள் பாலில் எவ்வளவு என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நாம் கேட்காமல் விட்டதற்கு வாயில்லாத ஜீவன்தான் பதில் சொல்கிறது.

வண்டியில் ஏற மாட்டேன் என்று கருப்பி காலை ஊன்றி நின்றாள். இரண்டு ஆள் தள்ளியும் நகரவில்லை. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஏறிவிட்டாள்.